ஒட்டிய தலை: ஒரு கிட்டார் முறிவின் வரலாறு

பழைய கிட்டார் விற்பவர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு. தலை உடைந்து ஒட்டியதா? அப்போ பாதி விலை. சத்தம் எப்படி இருக்கிறது, கழுத்து நேராக நிற்கிறதா, அந்த ஒட்டு எத்தனை வருடமாகத் தாங்குகிறது என்பதெல்லாம் அதற்கப்புறம் வருகிற கேள்விகள். முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தவுடனேயே பாதி போய்விடும். 1959-ல் செய்த கிப்சன் லெஸ் பால் ஒன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதே வருடம், அதே பட்டறை, அதே மரம், ஆனால் தலை ஒருமுறை ஒடிந்தது என்றால் அது வேறு ஜாதி.

கிட்டார் பழக்கம் இல்லாதவர்களுக்காக: தலை என்பது கழுத்தின் நுனியில் இருக்கும் பட்டையான பகுதி. கம்பிகளை முறுக்கும் ஆறு டியூனிங் கீகளும் அங்கேதான். ஆங்கிலத்தில் ஹெட்ஸ்டாக். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ‘நட்’ என்று ஒரு சின்னத் துண்டு, எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ, கம்பிகளைத் தாங்கி நிற்கும். அந்த நட்டுக்குப் பின்னால்தான் உடையும். கிட்டத்தட்ட எப்போதும் அங்கேதான் உடையும்.

ஆயிரக்கணக்கான கிட்டார்கள், எழுபது எண்பது வருடமாக, ஒரே இடத்தில் உடைகின்றன. ஒரு பொருள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைந்தால் அதை விபத்து என்று சொல்ல முடியாது. யாரோ எப்போதோ எடுத்த ஒரு முடிவு அங்கே ஒளிந்திருக்கிறது. அந்த முடிவு எங்கிருந்து வந்தது, அது தவறு என்று தெரிந்த பிறகும் ஏன் மாறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரே கட்டை

ஆர்வில் கிப்சன் 1856-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பிழைப்புக்காக மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரத்துக்கு வந்தார். அங்கே மாண்டலின் செய்ய ஆரம்பித்தபோது அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மரத்தை வளைக்கக் கூடாது; குடைந்துதான் செய்ய வேண்டும்.

அந்தக் காலத்து மாண்டலின்கள் மெல்லிய பட்டைகளைச் சூடாக்கி வளைத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிச் செய்யப்பட்டவை. வளைத்த மரம் இறுக்கத்தில் இருக்கிறது, இறுக்கத்தில் இருக்கும் மரம் முழுசாகப் பாடாது என்று ஆர்வில் நம்பினார். 1898-ல் அவருக்குக் கிடைத்த காப்புரிமை இதைத்தான் சொல்கிறது. பக்கங்களையும் கழுத்தையும் ஒரே கட்டையிலிருந்து செதுக்கிய மாண்டலின் அது. ஒட்டு எவ்வளவு குறைவோ, நாதம் அவ்வளவு நிறைவு என்பது அவர் எண்ணம்.

1902-ல் அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது. அதை நடத்தியவர்கள் வேறு ஆட்கள். ஆர்வில் சீக்கிரமே ஓரமாகிவிட்டார், 1918-ல் இறந்தும் போனார். அவருடைய குடைந்தெடுத்த உடம்பைக் கம்பெனி அப்படியே பின்பற்றவில்லை, அதில் மரமும் நேரமும் நிறைய வீணாகும். ஆனால் அந்தக் கொள்கையின் ஒரு மிச்சம் தங்கிவிட்டது. ஒட்டு இல்லாத கழுத்து உயர்ந்தது, ஒட்டுப்போட்டது மட்டமானது என்ற எண்ணம். கிப்சன் கிட்டார்களின் கழுத்தும் தலையும் பெரும்பாலும் ஒரே மகாகனிக் கட்டையில் அறுத்தெடுக்கப்பட்டன.

கேட்பதற்கு நல்லாத்தானே இருக்கு? ஒரே கட்டை என்றால் பலம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். மரம் அப்படி நினைப்பதில்லை.

விறகு வெட்டுபவருக்குத் தெரியும்

விறகு பிளந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டையை நிறுத்திவைத்து ரேகையோடு கோடாலியைப் போட்டால் ஒரே போடில் இரண்டாகப் பிளக்கும். அதே கட்டையைக் குறுக்கே வெட்ட மத்தியானம் வரை ஆகும். மரம் என்பது நார்களின் கட்டு. நார் நீளவாக்கில் இழுவையைத் தாங்கும். நாருக்கும் நாருக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு அதில் ஒரு சின்னப் பங்குதான்.

கிட்டார் கழுத்தில் நார்கள் கழுத்தோடு சேர்ந்து நீளமாக ஓடுகின்றன. அதுவரை சரி. ஆனால் தலை நேராக இல்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. கம்பி நட்டின் மேல் அழுந்தி உட்கார வேண்டும், இல்லையென்றால் அதிரும்போது துள்ளும், கிர்ரென்று சத்தம் வரும். அதற்காகத்தான் சாய்வு. கிப்சனில் அந்தச் சாய்வு 17 டிகிரி.

இப்போது அந்த ஒரே கட்டையை மனசுக்குள் கொண்டுவாருங்கள். நார்கள் நேராகத்தான் போகின்றன. தலை மட்டும் 17 டிகிரி திரும்புகிறது. நார் திரும்பாது இல்லையா? அது வளர்ந்த திசையில் போய், தலையின் தொடக்கத்தில், விளிம்பு வழியாக வெளியே வந்து முடிந்துவிடும். கழுத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஓடிய நார், அந்தத் திருப்பத்தில் சில சென்டிமீட்டர்தான். பட்டறைக்காரர்கள் இதைக் ‘குட்டை ரேகை’ என்பார்கள்.

மரப்பொறியியலில் இதற்குக் கணக்கு இருக்கிறது. ரேகை ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் சாய்ந்தாலே மரத்தின் வளைவைத் தாங்கும் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. 17 டிகிரி என்பது ஏறக்குறைய மூன்றேகாலுக்கு ஒன்று. அதாவது இன்னும் மோசம்.

இதன் மேல் ஒரு நல்ல கண்டுபிடிப்பும் வந்து சேர்ந்தது. கம்பிகளின் இழுவையால் கழுத்து காலப்போக்கில் வில்லாக வளையும். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கின்றன, அக்கூஸ்டிக்கில் 70 கிலோ வரை போகும். கிப்சனில் வேலை செய்த தேடியஸ் மெக்ஹ்யூ இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பியைப் பதித்து, நுனியில் திருகு வைத்து, தேவைப்படும்போது முறுக்கிக் கழுத்தை நிமிர்த்துவது. 1923-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று உலகத்தில் நீங்கள் பார்க்கும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குள் அந்தக் கம்பியின் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது. அதன் பெயர் டிரஸ் ராட்.

ஆனால் திருகைத் திருப்ப ஓர் இடம் வேண்டுமே? கிப்சன் அதை நட்டுக்குப் பின்னால் வைத்தது. ஸ்பானர் நுழைய ஒரு குழி தோண்டினார்கள். எங்கே? கழுத்து மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில். நார்கள் குட்டையாகும் இடத்தில். சாய்வு தொடங்கும் இடத்தில்.

ஆக ஒரே இடத்தில் மூன்று பலவீனம். இதில் எந்த ஒன்றும் தனியாக முட்டாள்தனம் இல்லை. சாய்வுக்குக் காரணம் இருக்கிறது, குழிக்குக் காரணம் இருக்கிறது, ஒரே கட்டைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மூன்றும் சந்தித்த இடத்தில்தான் கிட்டார் ஒடிகிறது.

ஒடிவதற்குப் பெரிய அடியெல்லாம் தேவையில்லை. சுவரில் சாய்த்து வைத்த கிட்டார் வழுக்கி மல்லாக்க விழுந்தால் போதும். பெட்டிக்குள் இருந்தால்கூடத் தப்பாது. பெட்டி விழும்போது உடம்பும் கழுத்தும் மெத்தையில் தங்கிவிடும். தலை மட்டும் அந்தரத்தில் தொங்கும். அதன் மேல் ஆறு இரும்பு கீகளின் எடை. உடம்பு நின்றபிறகும் தலை ஒரு கணம் கூடுதலாகப் பயணம் செய்யும். அவ்வளவுதான். பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது, திறந்து பார்த்தால் தலை கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும்.

தெரியாமல் செய்யவில்லை

அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். தெரியும். முன்பே தெரியும்.

ஸ்பெயினில் கிட்டார் செய்தவர்கள் தலையைத் தனித் துண்டாக அறுத்து, கழுத்தின் நுனியைச் சரிவாகச் சீவி, சரிவோடு சரிவு பொருந்த ஒட்டினார்கள். இதை ஸ்கார்ஃப் ஜாயின்ட் என்பார்கள். இதில் தலையின் நார்கள் தலையோடு ஓடும், கழுத்தின் நார்கள் கழுத்தோடு ஓடும். குட்டை ரேகை என்பதே கிடையாது. ஒட்டு இருக்கும், ஆனால் அது அகலமான, நீண்ட ஒட்டு.

ஜெர்மனியின் சாக்ஸனியிலிருந்து 1833-ல் அமெரிக்கா வந்த சி. எஃப். மார்ட்டினின் பட்டறையிலும் பழைய கிட்டார்களில் தலை தனித் துண்டு. கழுத்தின் நுனியில் நாக்கு மாதிரி ஒரு மூட்டு செதுக்கி அதில் தலையைப் பொருத்துவார்கள். தலையின் பின்பக்கம் அந்த மூட்டு ஒரு சின்ன வைர வடிவமாகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ட்டினும் ஒரே கட்டைக்கு மாறியது. மூட்டு போனது, வைரம் போகவில்லை! இன்றைக்கும் டி-28 போன்ற மாடல்களின் பின்கழுத்தில் அந்த வைரத்தைச் செதுக்குகிறார்கள். தையல் போன பிறகும் தழும்பை வரைந்துகொள்வது மாதிரி.

வயலின் உலகத்தில் இன்னும் பெரிய செய்தி இருக்கிறது. 1800-ஐ ஒட்டிய காலத்தில் இசை அரங்குகள் பெரிதாகின, கம்பிகளின் இழுவை கூடியது. பழைய வயலின்களின் கழுத்து போதவில்லை. கைவினைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்ட்ராடிவாரி செதுக்கிய தலைச்சுருளை அறுத்துத் தனியாக எடுத்தார்கள். புதுக் கழுத்து செய்தார்கள். பழைய தலையைப் புதுக் கழுத்தில் ஒட்டினார்கள். இன்று மேடைகளில் ஒலிக்கும் ஸ்ட்ராடிவாரி வயலின்களில் அநேகமாக எல்லாமே தலை ஒட்டியவைதான். உலகத்தின் மிக விலையுயர்ந்த இசைக்கருவிகள் அவை. ‘தலை ஒட்டியதா, பாதி விலை’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

ரேடியோ மெக்கானிக் பார்த்த வழி

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்தில் லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கிட்டார் பரம்பரை எதிலும் வந்தவரும் இல்லை. ஒரு ரேடியோவைப் பார்ப்பது மாதிரிதான் கிட்டாரைப் பார்த்தார்: இது எப்படியும் ஒருநாள் கெட்டுப்போகும், கெட்டால் எப்படிக் கழற்றுவது?

1950-ல் சந்தைக்கு வந்து பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற அவருடைய கிட்டாரில் தலை சாயவே இல்லை. கழுத்துக்கு இணையாக, ஒரு படி கீழே இறங்கி நேராக நிற்கும். கம்பி நட்டில் அழுந்துவதற்கு, தலையில் ஒரு சின்ன உலோகத் துண்டைத் திருகி மெல்லிய கம்பிகளைக் கீழே பிடித்தார். டிரஸ் ராடின் திருகைத் தலையில் வைக்காமல் கழுத்தின் அடியில் வைத்தார். அந்தக் கழுத்தும் ஒரே மேப்பிள் கட்டைதான். ஆனால் சாய்வு இல்லாததால் நார் முழுசாகத் தலை வரை ஓடுகிறது.

அதற்கும் மேலே, கழுத்தையே உடம்போடு ஒட்டவில்லை. நாலு ஸ்க்ரூ. கழுத்து வீணானால் கழற்றிவிட்டு வேறு கழுத்து.

கிப்சன்காரர்கள் இதைப் பலகை என்று கேலி பேசினார்கள் என்பார்கள். கேலியில் ஒரு நியாயமும் இருந்தது. லெஸ் பாலின் வளைந்த மேல்பரப்பும் ஒட்டிய கழுத்தும் அழகான வேலை. ஆனால் அந்த இரண்டு கிட்டார்களுக்கும் நடுவில் இருப்பது இரண்டு உலகப்பார்வை. ஒருவர் உடையாத பொருளைக் கனவு கண்டார். இன்னொருவர் உடையும் என்று தெரிந்தே ஒரு பொருளைச் செய்தார். நான் யார் பக்கம் என்று கேட்டால், கேட்பதற்கு லெஸ் பால், தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு டெலிகாஸ்டர் என்பேன்.

திருத்தியபோது யாருக்கும் பிடிக்கவில்லை

கிப்சன் இந்தப் பிரச்சினையைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொன்னால் அநியாயம். 1960-களின் நடுவில் தலையின் சாய்வை 17-லிருந்து 14 டிகிரியாகக் குறைத்தார்கள். 1969-ல் கம்பெனி கை மாறியது. ஈக்வடோரில் பீர்த் தொழில் உட்படப் பல வியாபாரம் வைத்திருந்த ஒரு நிறுவனம் வாங்கியது. பிறகு அதற்கு நார்லின் என்று பெயர் வந்தது. அந்தக் காலகட்டத்தில் இன்னும் இரண்டு மாற்றம். கழுத்தை மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்தார்கள். நட்டுக்குப் பின்னால், உடையும் இடத்தில், கொஞ்சம் மரத்தைக் கூடுதலாக விட்டு ஒரு புடைப்பு வைத்தார்கள். அதன் பெயர் வால்யூட்.

பொறியியலாகப் பார்த்தால் மூன்றுமே சரியான திருத்தங்கள். ஆனால் நார்லின் காலத்துக் கிட்டார்கள் வேறு பல விஷயங்களில் மோசமாகிக்கொண்டிருந்தன. எடை கூடியது, கைவேலையின் நேர்த்தி குறைந்தது. வாங்குபவர்கள் கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். வால்யூட் என்றால் நார்லின். நார்லின் என்றால் மட்டம். கட்டைவிரல் இடிக்குது, பழைய அழகு போச்சு, இது உண்மையான கிப்சன் இல்லை.

1981 வாக்கில் வால்யூட் போய்விட்டது. பிறகு சாய்வும் 17 டிகிரிக்கே திரும்பியது. 1950-களின் கிட்டாரை அச்சு அசலாகத் திரும்பச் செய்யும் விலையுயர்ந்த மாடல்கள் வந்தபோது, அந்தக் குழி, அந்தச் சாய்வு, அந்த ஒல்லி இடம் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாகத் திரும்பி வந்தன. பலவீனம் பாரம்பரியம் ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. சாய்ந்த தலையோடு கழுத்தை ஒரே கட்டையில் வெட்ட தடிமனான மரம் வேண்டும், அதில் பெரும்பகுதி தூளாகப் போகும். ஸ்கார்ஃப் ஜாயின்ட் என்றால் மெல்லிய பலகை போதும். அதனால் விலை மலிவான ஆசியக் கிட்டார்களில் நிறைய ஸ்கார்ஃப் ஜாயின்ட்தான். காசை மிச்சம் பிடிக்கச் செய்த காரியம், அந்தக் குறிப்பிட்ட இடத்தில் அவற்றைப் பலசாலி ஆக்கிவிட்டது. தலைக்குக் கீழே ஒரு மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும். அதைக் காட்டி ‘பார், ஒட்டுக் கழுத்து’ என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

பட்டறை மேசையில்

சரி, உடைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. உடைந்த இரண்டு முகங்களிலும் நார்கள் கிழிந்து, பல் பல்லாக நிற்கும். அந்தப் பற்கள்தான் உங்கள் சொத்து. ஒன்றுக்குள் ஒன்று அவை சரியாக உட்காரும். உலகத்தில் வேறு எந்தத் துண்டும் அப்படி உட்காராது. தேய்க்கக் கூடாது. திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அவசரத்தில் சூப்பர் குளூ ஊற்றினால் முடிந்தது கதை. ரிப்பேர் பட்டறைகளில் தலைவலியே புதிதாக ஒடிந்த கிட்டார் இல்லை, யாரோ ஏற்கனவே வீட்டில் ஒட்டிப் பார்த்து, ஆணி அடித்து, மறுபடி ஒடிந்து வருகிற கிட்டார்தான்.

உடைப்பு நீளமாகச் சரிந்திருந்தால் அதிர்ஷ்டம். ஒட்டுவதற்கு நிறைய பரப்பு கிடைக்கும், வெறும் பசையே போதும். குட்டையாக, கிட்டத்தட்டக் குறுக்காக ஒடிந்திருந்தால் பசை மட்டும் போதாது. உடைப்பைத் தாண்டி நீளவாக்கில் இரண்டு பள்ளம் வெட்டி, அதில் நேரான ரேகை உள்ள மரச் சில்லுகளைப் பதித்து ஒட்டுவார்கள். இல்லையென்றால் தலையின் பின்பக்கத்தை மெல்லியதாக இழைத்து எடுத்துவிட்டு, கழுத்திலிருந்து தலை வரை வளைந்து போகும் ஒரு மரப்பட்டையை மேலே ஒட்டுவார்கள். இரண்டிலும் சூத்திரம் ஒன்றுதான்: கிப்சன் ஆரம்பத்திலேயே கொடுத்திருக்க வேண்டிய நீள நாரை இப்போது கொடுப்பது.

பசைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆயிரக்கணக்கான வருடம் மனிதர்கள் மரத்தை ஒட்டியது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால். நம் ஆசாரிகள் வச்சிரம் என்று சொன்னது அதைத்தான். ஊறவைத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து, 60 டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். தடவிய ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறி இறுகத் தொடங்கும். அதற்குள் வேலையை முடிக்க மரத்தையும் லேசாகச் சூடாக்கிக்கொள்வார்கள். காயும்போது அது சுருங்கி இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். நூறு வருடம் கழித்து வேறு ஒருவர் பிரித்துத் திரும்பச் செய்யலாம்.

1912-ல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்த பாலிவினைல் அசிடேட் இந்தக் கதையை மாற்றியது. நமக்கு அது 1959 முதல் ஃபெவிகால். அமெரிக்கக் கிட்டார் பட்டறைகளில் அதன் பங்காளியான மஞ்சள் மரப்பசை. காய்ச்ச வேண்டாம், நிதானமாக வேலை செய்யலாம், பிடிப்பும் பலம். பல ரிப்பேர்காரர்கள் தலையை ஒட்ட இதையே எடுக்கிறார்கள். பிரிப்பதுதான் கஷ்டம்.

ஒட்டும் நாளில் பசையைத் தொடும் முன்பே ஒரு ஒத்திகை நடக்கும். வளைவுக்கு ஏற்ற மரக்கட்டைகளைச் செதுக்கி, எந்த கிளாம்ப் எங்கே, எது முதலில் என்று வெறுமனே பூட்டிப் பார்ப்பார்கள். ஏனென்றால் பசை தடவிய முகங்கள் வழுக்கும். இறுக்க இறுக்க ஒரு மயிரிழை நகர்ந்தாலும் விரலுக்குத் தெரியும். பிறகு பிளவைக் கொஞ்சமாகத் திறந்து, பசையை ஊசியால் செலுத்தி, ஒவ்வொரு நாரும் நனைந்ததா என்று பார்த்து, இறுக்கி, பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்து, ஒருநாள் முழுக்கத் தொடாமல் விடுவார்கள். மொத்த வேலையில் கைக்கு இருப்பது அரைமணி நேரம்தான். மிச்சம் எல்லாம் பொறுமை.

நன்றாக அமைந்த ஒட்டு பெரும்பாலும் சுற்றியுள்ள மரத்தைவிடப் பலம். மறுபடி விழுந்தால் அநேகமாக அந்தக் கோட்டில் உடையாது, பக்கத்தில் புதிதாக ஒடியும்.

உடைத்தவரும் ஒட்டியவரும்

1964 செப்டம்பர். லண்டனின் ஹாரோ பகுதியில் ரயில்வே டேவர்ன் என்ற மதுக்கடை. ‘தி ஹூ’ குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. மேடை உயரம், கூரை தாழ்வு. பீட் டவுன்சென்ட் கிட்டாரைத் தூக்குகிறார், தலை கூரையில் இடித்து ஒடிகிறது. வேண்டுமென்று செய்ததில்லை. கூட்டத்தில் சிலர் சிரிக்கிறார்கள். அவமானம் தாங்காத அந்தப் பையன், வேண்டுமென்றேதான் உடைத்தேன் என்பது மாதிரி மிச்ச ரிக்கன்பேக்கரையும் அடித்து நொறுக்குகிறார். இன்னொரு கிட்டாரை எடுத்து வாசிப்பைத் தொடர்கிறார்.

ராக் மேடையில் கிட்டார் உடைப்பது ஒரு சடங்கானதற்கு இதை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள். அந்தச் சடங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தத்துவம் எழுதியிருக்கிறார்கள். அதன் அடியில் இருப்பது தற்செயலாக ஒடிந்த ஒரு தலையும் ஒரு சிரிப்பும்.

இன்னொரு பக்கம் பில் மன்ரோ. புளூகிராஸ் இசையின் தந்தை என்று அமெரிக்கர்கள் சொல்லும் மாண்டலின்காரர். 1940-களில் ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் விற்பனைக்கு இருந்த கிப்சன் எஃப்-5 மாண்டலினை 150 டாலருக்கு வாங்கினார். 1923-ல் லாயிட் லோரின் கையெழுத்தோடு கலமசூவிலிருந்து வெளியே வந்தது. 1950-களின் தொடக்கத்தில் அதை ரிப்பேருக்குக் கம்பெனிக்கே அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு திரும்பி வந்தது. கேட்ட வேலையெல்லாம் முடியவில்லை. மன்ரோ ஒரு பேனாக்கத்தியை எடுத்தார். தலையில் பதித்திருந்த ‘கிப்சன்’ என்ற பெயரைத் தோண்டி எடுத்தார். அந்தக் காயத்தோடே கிட்டத்தட்ட முப்பது வருடம் மேடை ஏறினார். 1980 வாக்கில் கம்பெனி சமாதானம் பேசியது, பெயர் மறுபடி தலையில் ஏறியது.

1985-ல் யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து, கணப்பு கிளறும் இரும்புக் கம்பியால் அந்த மாண்டலினை அடித்து நொறுக்கினார்கள். சில்லு சில்லாக, நூற்றுக்கணக்கான துண்டுகள். கிப்சனில் வேலை செய்த சார்லி டெரிங்டன் அவற்றைப் பொறுக்கி, நுண்ணோக்கிக் கண்ணாடி வைத்துத் துண்டு துண்டாகப் பொருத்தி ஒட்டினார். சில மாதங்களில் மாண்டலின் மன்ரோவின் கைக்குத் திரும்பியது. 1996-ல் இறக்கும் முன் கடைசி ஆண்டுகள் வரை அவர் வாசித்தார். இன்று அது நாஷ்வில்லில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

அந்த மாண்டலினில் எவ்வளவு அசல், எவ்வளவு ஒட்டு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. யார் வாசித்தார் என்பது தெரிந்தால் ஒட்டு கதையாகிவிடுகிறது. யார் வாசித்தார் என்று தெரியாத கிட்டாரில் அதே ஒட்டு குறையாகிவிடுகிறது.

ஊதா விளக்கு

இதனால் ஒரு மறைப்புத் தொழிலும் வளர்ந்திருக்கிறது. ஒட்டிய இடத்தை மறைக்கத் தலையின் பின்பக்கம் கறுப்பு அடித்து, கழுத்தில் கூர்மையாக இறங்கும்படி விடுவார்கள். ஸ்டிங்கர் என்று பெயர். கிப்சனே சில மாடல்களில் அழகுக்காக அப்படி அடித்திருக்கிறது என்பதால் சந்தேகம் வராது. சேகரிப்பவர்கள் பதிலுக்கு ஊதா விளக்கைக் கொண்டுவருகிறார்கள். அந்தக் கால நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் அந்த ஒளியில் வெளிறிய பச்சையாக மினுங்கும், புதிதாகப் பூசிய இடம் இருட்டாகத் தெரியும். வாங்குபவர் கிட்டாரை வாசித்துப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கடித்துப் பார்க்கிறார்.

விலை குறைவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மோசமாக ஒட்டியவை நிறைய. ஒட்டு நல்லதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். அரியதற்குத்தான் விலை என்றால், முழுசாகத் தப்பித்தது அரியதுதான். என் பிரச்சினை அந்தக் கணக்கோடு இல்லை. உடையும்படி செய்த இடத்தைப் பாரம்பரியம் என்றும், அதைச் சரிசெய்த இடத்தைக் களங்கம் என்றும் ஒரே வாயால் சொல்கிறோமே, அதோடுதான். வால்யூட் வைத்த தொழிலாளியைத் திட்டினோம். ஸ்கார்ஃப் ஜாயின்ட்டை மட்டம் என்றோம். ஒட்டியவரின் பெயரைக் கறுப்பு பெயின்டுக்கு அடியில் புதைத்தோம்.

ஆனால் அந்தப் பாதி விலைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒடியாத 1959 லெஸ் பால்களில் பல இன்று வாசிக்கப்படுவதே இல்லை. ஈரப்பதம் அளந்து வைத்த அறைகளில், காப்பீட்டுப் பத்திரங்களோடு தூங்குகின்றன. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் உரிமையாளர்களே தொடுவதில்லை. தலை ஒட்டிய பழைய கிட்டார்களை வாங்குவது யார்? பெரும்பாலும் வாசிப்பவர்கள். இரவு விடுதிகளில் கூலிக்கு வாசிப்பவர்கள், ஸ்டுடியோக்காரர்கள், ஜென்மத்தில் நல்ல விலைக்கு ஒரு பழைய கிப்சன் வாங்க முடியாதவர்கள். சந்தையில் இவற்றுக்கு ‘வாசிப்பவரின் கிட்டார்’ என்றே பெயர். கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்வார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஒரு கிட்டாருக்கு அதைவிடச் சரியான பெயர் இல்லை. அடுத்த முறை மேடையில் யாராவது பழைய லெஸ் பால் வாசித்தால் நட்டுக்குப் பின்னால், கழுத்தின் அடிப்பக்கம் பாருங்கள். வார்னிஷுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று சரிவாக ஓடலாம். இருந்தால், யாரோ ஒருவர் ஒரு பகல் முழுக்க அதைத் தொடாமல் காத்திருந்தார் என்று அர்த்தம்.